ஏலம் இல்லாத மாலைகளில் கூடத்தைத் திறந்துவிடுங்கள்

ஈரோடு, திருப்பூர், கோவை விற்பனைக்குழுக்களின் செயலாளர்களுக்கும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிவகிரியில் எள், மூலனூரில் பருத்தி, சேவூரில் நிலக்கடலை, ஆனைமலையிலும் அவல்பூந்துறையிலும் கொப்பரை என்று ஏல நாள் வந்துவிட்டால் உங்கள் கூடங்களில் கால் வைக்க இடம் இருக்காது. விடிவதற்குள் டெம்போக்கள் வரிசை கட்டிவிடும். வியாபாரிகள் குவியல் குவியலாக அள்ளிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். எடை முடிந்து லாரி கிளம்பிய பிறகு, அடுத்த ஏலம் வரை அந்தப் பெரிய கூரைக்கடியில் காவலரைத் தவிர ஆள் இருக்காது. அப்படிச் சும்மா கிடக்கும் நாட்களில் மாதத்துக்கு ஒரு மாலையை, ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும், தற்கால நடன நிகழ்ச்சிகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். வாடகைக்குத்தான் கேட்கிறேன்.

இந்த மாதிரி ஒரு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு அடிக்கடி வருவதாக இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கொடுமுடிப் பக்கத்து மஞ்சள் விவசாயியின் மகள். சின்ன வயதில் பரதம் கற்றுக்கொண்டேன், அப்புறம் பெங்களூரில் தற்கால நடனம் பயின்றேன். இப்போது ஈரோட்டில் சில நண்பர்களோடு ஒரு மொட்டை மாடியில் பயிற்சி செய்கிறேன். தற்கால நடனம் என்றதும் டி.வி. போட்டிகளில் வரும் சாகசம் ஞாபகத்துக்கு வரலாம். நாங்கள் செய்வது வேறு. கதை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாட்டும் அப்படித்தான். உடம்பின் கனம் எங்கே இறங்குகிறது, சமநிலை எப்போது குலைகிறது, ஒருவர் சாயும்போது இன்னொருவர் எப்படித் தாங்குகிறார், களைத்த முதுகு எப்படி நிமிர்கிறது, இதையெல்லாம் வைத்து ஆடுகிறோம். நடனக் கலைஞர் சந்திரலேகா 1985ல் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒன்றாக வைத்து மேடையேற்றியபோது, தெய்வக் கதை எதுவும் இல்லாமல் உடம்பே பேசும் என்று நம் தமிழ்நாட்டிலேயே காட்டிவிட்டார். அவர் போட்ட பாதையில் சென்னையில் இன்றும் சிலர் நடக்கிறார்கள். பெங்களூரில் 1992ல் தொடங்கிய ஆட்டக்களரி போன்ற நிறுவனங்கள் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்திருக்கின்றன. அந்த ஆட்டம் கோவைக்கு எப்போதாவது வருகிறது. வந்தாலும் ஏ.சி. அரங்கத்துக்கு வரும், ஆங்கிலத்தில் அழைப்பிதழ் அடிப்பார்கள், பார்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் முன்பே தெரிந்தவர்களாக இருப்பார்கள். சிவகிரிக்கோ மூலனூருக்கோ வந்து நான் பார்த்ததில்லை.

அரங்கம் இல்லாத இடத்தில் நடனமா என்று கேட்பீர்கள். இந்த நடன வகை அரங்கத்தை விட்டு வெளியே வந்து அறுபது வருடம் ஆகிறது. 1964ல் அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழு வியன்னாவுக்குப் போனபோது அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அருங்காட்சியகம். மேடை கிடையாது. தம்மிடம் இருந்த படைப்புகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி கோத்து ஆடினார்கள். அதுவே பிறகு அந்தக் குழுவின் வழக்கமாகி, எத்தனையோ ஊர்களில் மேடையில்லாத இடங்களில் ஆடினார்கள். 1967ல் இன்னொரு அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் சாதாரண மனிதர்களைக் கூட்டி வந்து நடக்கவும் நிற்கவும் நாற்காலியில் உட்காரவும் மட்டும் விட்டு ஒரு படைப்பைச் செய்தார். 1971ல் டிரிஷா பிரௌன் நியூயார்க்கில் கட்டடத்துக்குக் கட்டடம் மொட்டை மாடிகளில் ஆட்களை நிறுத்தினார். ஒரு மாடியில் ஒருவர் செய்யும் அசைவைப் பார்த்து அடுத்த மாடிக்காரர் செய்வார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். அந்தக் காலத்தில் அந்தத் தெருக்களில் பழைய தொழிற்கூடங்களும் கிடங்குகளும்தான் இருந்தன. வாடகை குறைவு என்று கலைஞர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். கிடங்குக்கும் இந்த நடனத்துக்கும் உள்ள உறவு பழையது என்று சொல்ல வந்தேன்.

ஆனால் நியூயார்க்கில் செய்தார்கள் என்பதற்காக நான் உங்கள் கூடத்தைக் கேட்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் தயக்கம் இல்லாமல் உள்ளே வரக்கூடிய பெரிய கூரை உங்களுடையது மட்டும்தான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சிற்றூரில் இருநூறு பேர் உட்கார என்னென்ன இடம் இருக்கிறது? கோயில் திடல் இருக்கிறது. திருமண மண்டபம் இருக்கிறது. மண்டபங்களுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் பூட்டித்தான் கிடக்கின்றன, கேட்டால் குறைந்த வாடகைக்குக் கொடுக்கவும் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தேன். எந்த ஊர், யாருடைய மண்டபம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சில வாரம் பட்டறை நடத்தி, கடைசியில் எங்கள் ஆட்டத்தோடு அவர்கள் ஆட்டத்தையும் சேர்த்துப் போட்டோம். எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அழைப்பு கொடுத்திருந்தோம். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் பார்த்தால், ஒரு தெருவிலிருந்து வந்த அம்மாக்களும் பாட்டிகளும் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள். உள்ளே பாதி நாற்காலி காலி. நான் ஓடிப் போய்க் கூப்பிட்டேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது அவிங்க மண்டபமுங்க அம்மணி. நாங்க இங்கிருந்தே பாத்துக்கறோம், நீங்க போயி ஆடுங்க" என்றார். யாரும் அவர்களை வாசலில் தடுக்கவில்லை. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அந்த இடம் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அவருடைய பேத்தி உள்ளே ஆடினாள். பாட்டி ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்த அளவுக்குப் பார்த்தார்.

அந்த மாலைக்குப் பிறகு எனக்கு நடனத்தைவிட இடம்தான் முதல் கேள்வியாகிவிட்டது. எவ்வளவு நல்ல ஆட்டமாக இருந்தாலும், கதவுக்கு முன்னால் ஒருவர் தயங்கி நிற்கும் இடத்தில் ஆடினால் அந்தத் தயக்கத்துக்கு நாமும் சேர்ந்து மேளம் கொட்டுகிறோம்.

வாரச் சந்தைத் திடலில் ஆடியபோது இந்தப் பிரச்சினை இல்லை. காய்கறிக் கடைகள் எடுத்துக் கட்டிய பிறகு, அழுகல் தக்காளியைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆடினோம். பாத்திரக்காரர், பொரிகடலைக்காரம்மா, பனியன் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பையன்கள் என்று எல்லோரும் ஒரே வட்டமாக நின்றார்கள். சந்தை எல்லோருக்கும் பொது. கையில் காசு இருந்தால் யாரும் வரலாம், இல்லாவிட்டாலும் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் சந்தைத் திடலில் கூரை கிடையாது. தூறல் போட்டால் முடிந்தது.

உங்கள் கூடம் சந்தையும்தான், கூரையும்தான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் மூட்டையும் இருபது ஏக்கர் வைத்திருப்பவரின் மூட்டையும் ஒரே தரையில், ஒரே தராசில். விவசாயியிடம் தரகு கிடையாது. வாங்குகிற வியாபாரிதான் 1 சதவீதம் சந்தைக் கட்டணம் கட்டுகிறார். அங்கே விவசாயிக்கும் வேலை, மூட்டை தூக்குபவருக்கும் வேலை, சாக்குத் தைக்கும் அம்மாவுக்கும் வேலை. அரசாங்கத்து இடம் என்பதால் "அவிங்க இடம்" என்று யாரும் வெளியே நிற்பதில்லை. இந்தப் பொதுத்தன்மையை நீங்கள் கட்டணத்துக்காகவும் தராசுக்காகவும் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள். அதன் மதிப்பு அதற்கு மேலும் போகும் என்பது என் நம்பிக்கை.

சென்னையில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2015ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு விழா தொடங்கினார்கள். சபாக்களில் மட்டும் கேட்ட சங்கீதமும் பரதமும் மீனவர் குடியிருப்புக்கு நடுவே நடந்தன. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வாழ்ந்தும் அந்தக் குப்பத்துக்குள் அதுவரை காலெடுத்து வைக்காத ரசிகர்கள் அன்று அங்கே போய் உட்கார்ந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்தப் போக்குதான். கலையை ஏழைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று மார் தட்டிக்கொள்வதைவிட, பார்வையாளரை இடம் மாற்றி உட்கார வைப்பது கடினமான வேலை. கோவையில் வசதியானவர்கள் வாழும் ரேஸ்கோர்ஸ் பகுதிக்காரர்கள் ஒரு மாலை மூலனூர் பருத்திக் கூடத்தில், பருத்தி விற்க வந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"நம்ம சனத்துக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று என்னிடம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். இதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஆட்டம் தெரியாத ஊரா இது? பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கிக் காவிரியில் விடும் வரை ராத்திரி ராத்திரியாகக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். அடி மாறும் இடம், தாளம் ஏறும் இடம், எவன் காலை இழுக்கிறான், எவன் சரியாகத் திரும்புகிறான் என்று ஓரத்தில் நிற்கும் தாத்தாவுக்குத் தெரியும். பெருஞ்சலங்கை கட்டி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஒயிலாட்டம் இருக்கிறது. கும்மி இருக்கவே இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் கோவை பத்திரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களே ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும், பேரன் பேத்தி எடுத்த அம்மாவும், ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று அடி போடுகிறார்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாகத் திடல் முழுக்க ஒரே நேரத்தில் கால்கள் திரும்புகின்றன. இத்தனை உடம்புகளைச் சேர்த்து அசைக்கத் தெரிந்த ஊருக்கு, ஆறு பேர் சேர்ந்து சாய்வதும் நிமிர்வதும் புரியாமல் போகுமா?

சில நேரம் பிடிக்காமல் போகலாம். அது வேறு விஷயம். கும்மி பார்த்துப் பழகிய கண் எங்களைக் கறாராகப் பார்க்கும். "என்னங்க இது, அடியே இல்லாம ஆடறீங்கொ" என்று ஒரு கும்மி ஆசிரியர் எங்கள் ஒத்திகையில் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கேட்ட பிறகு அந்தப் பகுதியில் காலின் கணக்கை மாற்றி அமைத்தோம், ஆட்டம் இறுகியது. இந்த மாதிரி கேள்வி எந்த அரங்கத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே எல்லோரும் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உங்கள் கூடத்திலேயே பிறந்தது. அப்பாவோடு மூட்டை கொண்டு வரும்போதெல்லாம் நான் சுமை தூக்கும் அண்ணன்மாரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இரண்டு பேர் மூட்டையின் காதுகளைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார்கள். மூன்றாமவர் அதற்குள் முதுகைக் கொடுத்திருப்பார். மூட்டை பிடரிக்கும் தோளுக்கும் நடுவில் வந்து இறங்கும் நொடியில் அவருடைய முட்டி லேசாக மடிந்து கொடுக்கும், அப்படியே அந்த மடிப்பிலிருந்தே முதல் எட்டு கிளம்பிவிடும். நின்று, நிதானித்து, பிறகு நடப்பது என்பதே கிடையாது. நின்றால் பாரம் உள்ளே இறங்கிவிடும். குட்டைக் குட்டையாக, வேகமாக எட்டு வைத்துப் போய், மூட்டைகளை அடுக்கிய அட்டிக்குப் பக்கத்தில் தோளை மட்டும் திருப்புவார். மூட்டை தானாக வழுக்கிப் போய் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவர் தள்ளியதே தெரியாது. 75 கிலோ வரைக்கும் வரும் மூட்டை, நாள் முழுக்க.

ஒருவர் கனத்தை இன்னொருவர் வாங்கிக்கொண்டே நகர்வதை ஒரு பயிற்சி முறையாகவே 1972ல் அமெரிக்காவில் வளர்த்தார்கள். மேலே சொன்ன பாக்ஸ்டன்தான் அதற்கும் முன்னோடி. அந்த முறையை நான் பெங்களூரில் சிரமப்பட்டுத்தான் கற்றேன். திரும்பி வந்து பார்த்தால், அதே அறிவு எங்கள் ஊர்க் கூடத்தில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. வயதான அண்ணன் ஒருவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். "பாரத்தத் தூக்கோணும்னு நெனைக்காதீங்க கண்ணு. அது வர்ற பக்கம் நாம போயிக்கோணும். அப்பறம் அதே நம்மள இழுத்துட்டுப் போயிரும்." எங்கள் பையன்களில் ஒருவன் அவர் முதுகில் சாய்ந்தான். அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அவனை மூட்டையைப் போலவே வாங்கி, இரண்டு எட்டு நடந்து, தோளைத் திருப்பி இறக்கினார். அவனுக்குத் தான் எப்போது தரைக்கு வந்தோம் என்றே தெரியவில்லை. அந்த அசைவுதான் எங்கள் ஆட்டத்தின் நடுப்பகுதி. அதை அரங்கத்தில் ஆடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அட்டிகளுக்கு நடுவில், அந்த அண்ணன்மார் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க, ஆட வேண்டும். அவர்களும் ஆட விரும்பினால் ஆட்டக்காரர்களாகவே வர வேண்டும், அன்றைய கூலியை நாங்கள் கொடுத்துவிடுவோம்.

சரி, காலம் எது? மஞ்சள் தையிலும் மாசியிலும் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி வரும். அதற்குப் பிறகு சில மாதங்கள் மஞ்சள் கூடங்களில் இடம் கேட்பது முறையல்ல. பங்குனியிலிருந்து வைகாசி வரை ஊர்களில் நோம்பியும் திருவிழாவும். அப்போது ஆட்டத்துக்குக் குறைவே இல்லை, எங்கள் தேவையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை பிடித்துக்கொள்ளும். திடலில் கும்மியும் நடக்காது, சந்தையில் எங்கள் ஆட்டமும் நடக்காது. ஊரே சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். உங்கள் கூரை அப்போதுதான் மிகவும் பயன்படும். புரட்டாசி கடைசியிலிருந்து மார்கழி வரை கூடத்துக்குக் கூடம் சரக்கு வரத்து எப்படி என்று பார்த்து, உங்களுக்குச் சிரமம் இல்லாத நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள். கொப்பரைக் கூடங்களில் வருடம் முழுக்க வரத்து இருக்கும், அங்கே ஏலத்துக்கு மறுநாள் சாயங்காலம் தோதுப்படும்.

உங்களுக்கு எழக்கூடிய கவலைகள் எனக்குப் புரிகின்றன. சாப்பிடும் பொருள் கொட்டும் தரை அது. செருப்பு வெளியேதான். புகை போடும் எந்திரம், வண்ணப் பொடி, பூ, காகிதத் துணுக்கு எதுவும் வராது. சிமெண்டுத் தரையில் குதித்து ஆடினால் கெண்டைக்கால் எலும்பும் முட்டியும் கெட்டுவிடும் என்பதால் 30 அடிக்கு 30 அடி ரப்பர் விரிப்பு நாங்களே கொண்டுவருவோம். ஆணி அடிக்க மாட்டோம், ஒட்டுநாடா ஒட்ட மாட்டோம், போகும்போது கூட்டிக் கழுவிவிட்டுப் போவோம். விளக்குக்கு உங்கள் டியூப் லைட்டே போதும். மேடை விளக்கு இல்லையே என்று எந்த ஆட்டக்காரராவது சிணுங்கினால் அவர் இந்த இடத்துக்கு ஏற்ற ஆள் இல்லை. தகரக் கூரைக்கடியில் ஒலிபெருக்கி வைத்தால் காது கிழியும், அதனால் ஒரு துடும்பு மேளமும் எங்கள் குரலும் மட்டும்தான். மழை பெய்து கூரை இரைந்தால் அந்தச் சத்தத்துக்கே ஆடுவோம். ஆறரைக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடித்துவிடலாம். மகளிர் கட்டணமில்லாமல் போகும் டவுன் பஸ் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமே, அதை வைத்துத்தான் நேரத்தைக் குறித்தேன். பெண்கள் கழிப்பறையை மட்டும் அன்றைக்குப் பூட்டாமல், தண்ணீரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பாதியில் போய்விடுவார்கள்.

நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. இந்தக் கதவு திறந்த செய்தி தெரிந்ததும் வேறு பலரும் கேட்டு வருவார்கள். சமூக சங்கத்தின் விழா, கட்சிக்காரர் பிறந்த நாள், நகைக்கடை விளம்பரம் என்று. எந்தச் சாதிச் சங்கத்தின் பேனரும், எந்தக் கட்சியின் கொடியும், எந்தக் கடையின் விளம்பரமும் உள்ளே வரக்கூடாது, நுழைவுக் கட்டணம் கூடாது, முன்வரிசை நாற்காலி யாருக்கும் கூடாது என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். எல்லோரும் தரையில். வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் ஓரத்தில் பெஞ்சு. முக்கிய விருந்தினர், பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். உங்களுடைய அதிகாரி வந்தாலும் குடும்பத்தோடு வந்து தரையில் உட்காரட்டும். அந்த மண்டபத்து வாசலில் நான் பார்த்தது உங்கள் வாசலில் நடக்காமல் இருக்க இதுதான் வழி.

இதில் கூடத்துக்கு என்ன லாபம் என்று தணிக்கையில் கேட்பார்கள். வாடகை சின்னத் தொகைதான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் களத்து மேட்டிலேயே வந்து நிற்கும் வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டுப் போகும் சிறு விவசாயிகள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெண் விவசாயிகள் பலர் உங்கள் கூடத்துக்குள் வந்ததே இல்லை, சரக்கை ஏற்றிவிடுவதோடு சரி. விளைச்சலைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், விலை ஏறும் வரை பொறுக்கலாம் என்பது அவர்கள் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும், முன்பின் தெரியாத அலுவலகத்துக்குள் நுழையத் தயக்கம். ஒரு மாலை பிள்ளைகளோடு வந்து அந்தத் தரையில் உட்கார்ந்து எழுந்து போனவருக்கு, அடுத்த தடவை மூட்டையோடு வருவது சுலபம். ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் எடைமேடையையும் கிடங்கையும் உங்கள் ஊழியர் ஒருவர் காட்டினாலே போதும். ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் திட்ட விளக்கம் வேண்டாம்.

மற்ற இடங்களும் என் மனதில் இருக்கின்றன. 2020 ஊரடங்கில் நின்றுபோன கோவையின் தேசியப் பஞ்சாலைக் கழக (என்.டி.சி.) ஆலைகளின் நூற்புக் கூடங்கள், சோமனூர் விசைத்தறிக் கூடங்கள், பவானியிலும் சென்னிமலையிலும் கைத்தறிச் சங்கக் கட்டடங்கள், அந்தியூர் மாட்டுச் சந்தை கூடும் திடல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை, தனி அனுமதி, தனி மனத்தாங்கல். ஆலையில் ஆடுவதென்றால் சம்பளத்துக்குக் காத்திருந்த தொழிலாளர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. உங்கள் கூடங்கள் இன்றும் உயிரோடு இயங்குபவை, அதனால் இங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாக் கூடங்களையும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை. வரும் ஐப்பசியில் சிவகிரி அல்லது மூலனூர், இரண்டில் ஒன்றில், ஒரே ஒரு மாலை கொடுத்துப் பாருங்கள். காப்பீடு, வைப்புத்தொகை, காவல் நிலைய அனுமதி எல்லாம் எங்கள் பொறுப்பு. அதற்கு முன் ஏல நாள் அல்லாத ஒரு காலையில் கண்காணிப்பாளரோடும் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தாரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். இடம் அவர்களுக்கும் உரியது, அவர்கள் வேண்டாம் என்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். முதல் நிகழ்ச்சி முடிந்த பிறகு தரையையும் கிடங்கையும் கழிப்பறையையும் நீங்களே சுற்றிப் பார்த்து, இரண்டாவது மாலை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வர வேண்டும் என்று தெரிவித்தால் நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கொடுமுடிப் பக்கத்து மஞ்சள் விவசாயியின் மகள், நடனக் கலைஞர்